பத்து அடி தாராளமாக வரும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டியின் முன்பல் விழுந்ததைப் படத்தில் பார்த்துவிட்டு அம்மா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது, நடைதான் இன்னும் வரவில்லை, சக்கர நாற்காலிதான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அடுத்த அறையில் அம்மாவின் காது இருக்கும், இது அவளுக்குக் கேட்கக் கூடாத சங்கதி.

நம் வீட்டை ஒட்டிய சமுதாயக் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஒழுகுகிற கூரையை மாற்றி, பக்கவாட்டில் குழந்தைகளுக்கு ஒரு அறையும் பெண்களுக்குக் கழிப்பறையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். தேவைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே கூட்டம் நடக்கும் போதெல்லாம் பெண்கள் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் சாக்கடை, பின்னால் பள்ளம், மிச்சமிருந்தது நம் சுவருக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சந்து மட்டும்தான். அது கூடத்தின் இடம், நாம் நடந்து பழகிவிட்டோம், அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்னால் வரைபடம் போட அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பத்து அடி தாராளமாக வரும் என்று சத்தமாகச் சொன்னவனும் நான்தான், கூடத்துக் கமிட்டிச் செயலாளர் இல்லையா. அப்போது அம்மா முன்வாசல் எட்டுப் படியையும் ஓட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழுந்த பிறகு நாற்காலி வெளியே போக, படியில்லாத பக்கக் கதவும் அந்தச் சந்தும்தான் வழி என்பது, நாலு மாதம் முன்னால் கொத்தனார் கயிறு கட்டியபோதுதான் என் மண்டையில் உறைத்தது. கயிறு நம் பக்கக் கதவுக்கு ஒரு அடி தள்ளிப் போயிற்று.

கமிட்டித் தலைவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோரும் ஸ்டீயரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் தோளில் கை வைத்து, "சார், செயலாளர் வீட்டுக்காகத் தனியா வளைஞ்சு கொடுத்துட்டேன்னு நாளைக்கு ஊரு என்னைத்தான் திட்டும். கூட்டத்துல எழுந்து சொல்லுங்க, பார்க்கலாம்" என்றார். சரி என்று சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தாள், கதவோரம் நாற்காலியில் இருந்தாள். சந்தில் கட்ட யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஸ்டீயரிங் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். என்னத்துக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை, அறுபது பேர் எதிரில் பையிலிருந்த தாளை நான் எடுக்கவே இல்லை. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் எல்லாக் கையும் மேலே போயிற்று. கதவோரம் அம்மாவின் கையும். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றாள், எல்லோரும் கை தட்டினார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று நானே என் கையால் எழுதினேன்.

சுவர் ஜன்னல் உயரம் வந்தது. சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. பக்கக் கதவைத் திறந்தால் மூக்குக்கு நேரே செங்கல். ஒரு நாள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது ஏன் கை தூக்கினாய் என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள். "நீங்க வாயைத் திறப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். திறக்கலை. நான் வேணாம்னு சொன்னா எல்லாரும் திரும்பி உங்க மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. அதான் தூக்கினேன்." அப்புறம் சிக்கு இழுக்குது, மெதுவா என்றாள்.

மறுநாள் காலை நேரே சாரத்தின் கீழ் போய் நின்று, வேலைக்காரர்கள், ஸ்டீயரிங் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், என் மனைவிக்கு வெளியே போக வழி வேண்டும் என்று. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதை அஸ்திவாரத்துலயே சொல்லியிருந்தா நாலடி தள்ளிப் போட்டிருப்பேனே சார். இப்ப சுவத்துல ஒரு கதவுதான் விட முடியும்" என்றார். விட்டார். ஆனால் அந்தக் கதவு குழந்தைகள் அறைக்குள் திறக்கிறது, அங்கிருந்து கூடத்துக்குள் போய்த்தான் தெருவுக்கு இறங்க வேண்டும். பொது இடம் என்பதால் பூட்டி வைக்க வேண்டுமாம், சாவி செயலாளரிடம் மட்டும் இருக்க வேண்டுமாம். ராஜினாமா எழுதி வைத்திருந்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா வெளியே போக வேண்டியிருக்கும் வரைக்கும் நான்தான் செயலாளர்.

அந்தக் கதவு வழியாக முதல் தடவை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது கூடத்துக்குள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் எழுந்து நாற்காலிகளை இழுத்து வழி விட்டார்கள். "உட்காருங்க, உட்காருங்க, நாங்க சும்மா போறோம்" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு கடைக்குப் போகலாமா, காற்றாடப் போகலாமா என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன். நாளைக்குப் பார்க்கலாம் என்கிறாள். மூன்று வாரமாக நாளைக்குத்தான்.

நீ வந்து எதுவும் செய்ய வேண்டாம், லீவு எடுக்காதே. குளிர் காலம், குட்டியின் காதை மூடி அனுப்பு. உன் முதுகு வலியோடு வாளி தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். தினமும் அம்மாவிடம் ஐந்து நிமிடமாவது பேசு. மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. கூட்டம் முடிந்த அன்று போனில் உன் அம்மாவின் பெரிய மனசைப் பற்றிப் பெருமையடித்தேனே, நீயும் அவளிடம் அதையே சொல்லிப் பாராட்டினாயே, இனிமேல் சொல்லாதே. அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா