மாடியில் இருக்கும் மூச்சுப் பயிற்சி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, என் மூச்சுதான் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே.

ஆற்றுப்பாலம் இடிந்து, நீ படகேறி வேலைக்குப் போனாயே, அந்த வருஷம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். கல் உடைக்கும் மில்லில் தூசி தின்ற நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்தோம். சொல்லிக்கொடுத்த பெண் கெட்டிக்காரி. மெழுகுவத்தி எதிரே உதட்டைக் குவித்து ஊதச் சொல்வாள், சுடர் அசையணும், அணையக் கூடாது என்பாள். நாங்கள்தான் யார் முதலில் அணைப்பது என்று பந்தயம் கட்டி ஊதித் தலைசுற்றி விழுந்தோம். திட்டித் திட்டித் திருத்தினாள். அப்புறம் நடுவில் உட்காராமல் சட்டை மாட்டினேன், முடிவெட்டும் கடை வரை நடந்தேன். நன்றாக நடக்கிறதே, பொறுக்குமா? அவளை எலும்பு வார்டுக்கு மாற்றி அறையைப் பூட்டினார்கள். பிறகு எங்களில் ஒல்லி போனான், லாரிக்காரர் போனார், காவலாளியும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது மறுபடி திறந்திருக்கிறார்கள், இரண்டாவது மாடியில். லிஃப்ட் சாமான் ஏற்ற மட்டும்தானாம். நானும் இன்ஜினும் போனோம். மில்லில் மிஷின் ஓட்டினவன், நெஞ்சு ரயில் மாதிரி இரையுமே, அவன்தான். நான் நின்று நின்று ஏறினேன். மேலே இருந்த புது ஆள், "படியேறி வந்துட்டீங்களே பெரியவரே, உங்களுக்குப் பயிற்சி எதுக்கு?" என்கிறான். கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்ட இன்ஜினின் பேரையோ, அக்கறையில்லாதவர் என்று எழுதி அடித்துவிட்டான். இறங்கி வந்து இன்ஜினிடம் சொன்னேன். "ஏற முடிஞ்சா நான் ஏன்டா இங்க வர்றேன்?" என்று சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அங்கேயே நான் கத்திய கத்தலை எழுத மாட்டேன் என்கிறாள் உன் அண்ணி.

நீ அனுப்புவதாகச் சொன்ன மூச்சு மிஷின் இருக்கட்டும், அது நடக்கச் சொல்லித் தராது. படித்தவள் நீ, பெரிய டாக்டருக்கு ஒரு மனு எழுது. கீழே உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கும் அறையில் வகுப்பை நடத்தச் சொல். சாயங்காலம் இன்ஜின் வீட்டுக்குப் போய் மெழுகுவத்தி பிடிக்கிறேன். அன்றைக்குப் பந்தயத்தில் ஜெயித்தவன் அவன். இன்று ஊதினால் சுடர் அசையக்கூட மாட்டேன் என்கிறது.

இருவரும் குறைவில்லாமல் இருங்கள், குளிரில் நெஞ்சை மூடிக்கொள். மனுவைத் தள்ளிப்போடாதே. எங்கள் ஐந்து பேரில் என்னை விட்டால் மிச்சம் இருப்பது இன்ஜின் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
அப்பா