பிரவுன் அட்டை போட்ட இசைத்தட்டு

தூத்துக்குடி,
24.11.1973, சனிக்கிழமை.

அன்பு மகள் கனிக்கு,

கண்ணிமையில் நீலம் பூசிக்கொண்ட ஓர் ஆண்பிள்ளை, என்ன சொல்கிறான் என்றே விளங்காமல் தொண்டை கிழியக் கத்தும்போது, இருபத்திரண்டு வருஷமாக விலங்கியல் கற்பிக்கிற, நாற்பத்தெட்டு வயதான ஒருத்தியின் குதிகால் தன் போக்கில் தரையைத் தட்டுவது ஏன்? சாயங்காலம் முதல் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடை தெரியவில்லை. வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகியவள், உன்னிடமும் அப்படியே சொல்லிவிடுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், மழை பிடித்ததும் அவருக்கு முழங்கால் வலி மட்டும் திரும்பியிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

நீ கொடுத்தனுப்பிய இசைத்தட்டைக் கப்பல்காரர் ரோச் புதன்கிழமை கல்லூரிக்கே கொண்டுவந்து தந்தார். கஸ்டம்ஸ்ல அட்டையப் பாத்துட்டு இது ஆணா பொண்ணான்னு கேட்டாவ டீச்சர், நான் பாட்டுக்காரன்னு மட்டும் சொல்லி வச்சேன் என்றார். நானும் பார்த்தேன். வெள்ளிச் சட்டை, வெள்ளிப் பூட்ஸ், கன்னமெல்லாம் மினுக்கு. அந்தச் சட்டையைத் தைத்தது நீதான் என்று உன் கடிதம் சொல்லியிராவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். தோளில் வளையம் வளையமாக நீ வைத்திருக்கும் பட்டி என் ஆய்வகத்து முத்துச்சிப்பி ஓடுதானே, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன்னை நாலு தடவை அழித்து அழித்து வரையவைத்தேனே அதே ஓடு. பெருமையாகத்தான் இருந்தது, ஆனால் பிரின்சிபால் அறை எதிரே இருக்கிறது. உடனே பாடப்புத்தகத்துக்குப் போடுவதுபோலப் பிரவுன் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஜெபகனி, லண்டன் என்று எழுதி, வீட்டில் என் புத்தக அலமாரியில் செருகிவைத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

அப்பா ஐந்து மாதமாக உன் பெயரைச் சொல்லவில்லை என்பது நீ அறிந்ததே. டிப்ளமோவை விட்டுவிட்டு மேடைக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கிற இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நீ எழுதிய அன்று, எங்கப்பா நாசரேத்துல நாப்பது வருஷம் சபை ஐயர்மாருக்கு அங்கி தச்சதே நான் ஊசியத் தொடாம இருக்கத்தான், எம் மக கடல் தாண்டிப் போயி அதையே தொட்டுட்டா என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதோடு பேச்சு நின்றது. என் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுங்கள் என்றால் பேனாவில் மை இல்லை என்பார். எட்டு மணி நேரம் துறைமுக ஆபீசில் அதே பேனாவால்தான் எழுதிவிட்டு வருகிறார். அவர் கையெழுத்தில் உனக்கு ஒரு வரி வந்துவிட வேண்டும், இந்த ஐந்து மாதமும் என் ஜெபம், தந்திரம் எல்லாம் இதற்குத்தான்.

கிறிஸ்துமஸ் நெருங்குவதால் சனிக்கிழமைதோறும் பாடகர் குழுவுக்கு நம் வீட்டில் பயிற்சி, ரெகார்டு பிளேயர் நம்மிடம் இருக்கிற ஒரே தகுதியால். இன்று மழையோடு வந்தவர்கள் ஆறு பேர். உனக்கு ஞாயிறு பள்ளி எடுத்த கிளாடிஸ் டீச்சர், கடையை அரை மணி முன்பே அடைத்துவிட்டு வந்த தேவபிரசாதம் அண்ணாச்சி, பிறகு என் மாணவிகள் நாலு பேர். நான் அடுக்களையில் சுக்குக் காப்பியைத் தம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. கனி லண்டன்ல இருந்து ஒரு பாட்டுத்தட்டு அனுப்பியிருக்கா, நம்ம வீட்டு டீச்சர் அதுக்கு வேதப்புத்தகத்துக்குப் போடுத மாதிரி அட்டை போட்டுல்லா வச்சிருக்கா, நல்ல ஞானப்பாட்டாத்தான் இருக்கும், மொதல்ல அதக் கேப்போம் என்றார். கிளாடிஸ் டீச்சர், பிள்ள மனந்திரும்பிட்டாளா என்று கேட்க, பாட்டே அனுப்பிட்டாள்லா, இன்னும் என்ன வேணும் என்று அவர் சொன்ன குரலில் அவ்வளவு சந்தோஷம். காப்பித் தட்டை ஏந்தியபடி நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். தடுக்க ஒரு நிமிஷம் இருந்தது, தடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அவர் வாயிலிருந்து கனி என்று கேட்டபின் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் நம் வீட்டில் ஜெபம் பண்ணாமல் எடுக்கமாட்டோமே, சிங்கப்பூர் பிளாஸ்குக்கே பண்ணினாரே. இசைத்தட்டை உறையிலிருந்து உருவி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஆண்டவரே, இதைக் கேட்கிற எங்களை உள்ளும் புறமும் அசைத்தருளும் என்று முடித்தார். ஒரு ஜெபம் அவ்வளவு சீக்கிரம் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் மேளம், புதுத் துறைமுகத்தில் தூண் இறக்குகிறார்களே அந்த மாதிரி. பிறகு கைதட்டல். பிறகு ரம்பம் போடுவதுபோல கிட்டார், அதன் மேலே உன் சட்டைக்காரன். யாரும் அசையவில்லை. தொடக்கம் கொஞ்சம் எழுப்புதல் கூட்டம் மாதிரி இருக்கு என்றார் அண்ணாச்சி, உன் மானத்தைக் காப்பாற்ற. அப்போது இருபது முப்பது குரல் ஒன்றாகச் சேர்ந்து எழுந்தது பார். பெரிய கோரஸ் வந்தால் எழுந்து நிற்பது நம் சபை வழக்கம், அண்ணாச்சி சட்டென்று எழுந்து நின்றார், அவரைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள், அப்பா கண்ணை மூடிக் கைகட்டி நின்றார். நின்றதுதான் வினை. உட்கார்ந்திருப்பவருக்குக் கால் இருப்பது மறந்துபோகும், நின்றவருக்கு மறக்காது. முதலில் மாணவிகளின் தோள், அடுத்து அண்ணாச்சியின் குடை, பிறகு நம் ஆலயத்தில் முப்பது வருஷமாகக் கைதட்டக் கூடாது என்று சொல்லிவந்த கிளாடிஸ் டீச்சர் மூன்றாவது அடிக்கு ஒன்று, ஏழாவது அடிக்கு ஒன்று என்று தட்ட ஆரம்பித்தார். இந்த நேரம் பார்த்துக் கரண்ட் குறைந்தது. விளக்கு மங்க, இசைத்தட்டு சோம்ப, கத்திக்கொண்டிருந்தவனின் குரல் இறங்கி இறங்கிக் கிணற்றுக்குள் போய்விட்டது. தன் பங்கு எப்போது வரும் என்று ஆயுள் முழுக்கக் காத்திருக்கிற, கீழ்க்குரல் பேஸ் பாடகர் உன் அப்பா, கண்ணைத் திறக்காமலே, ஓ என்று அவனோடு சேர்ந்துகொண்டார்.

நான் சிரித்தேன் கனி. நீ பிறந்தது முதல் என்னிடம் பார்த்திராத சிரிப்பு. கையிலிருந்த தட்டு சரிந்து இரண்டு தம்ளர் காப்பி போயிற்று, நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், என் மாணவிகள் நாலு பேரும் பார்க்க. திங்கட்கிழமை அவர்களுக்கு எப்படித் தேர்வு வைப்பேனோ.

கரண்ட் திரும்பி, இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் கிளாடிஸ் டீச்சர், எந்த ஊர்ப் பாடகர் குழு இது என்று கேட்டு அட்டையை எடுத்தார், நான் ஒட்டிய தாளை நகத்தால் பதமாகப் பிரித்தார். ஏளா, இவன் இமைக்கு மை போட்டுருக்கான் என்றார். அப்பா வாங்கிப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது, இது ஞானப்பாட்டு இல்லை, அந்தச் சட்டையைத் தைத்தது கனி, அதைக் காட்டத்தான் அனுப்பினாள், தெரிந்தே அட்டை போட்டவள் நான் என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன். இத்தனை பேர் நடுவில் அவர் தலை குனிந்தபின் உனக்கு இனி ஒரு வரியும் வராது என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூப்லைட்டுக்கு நேரே போனார். படத்தின் தோளில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். பிறகு என்னிடம் இல்லை, அண்ணாச்சியிடம், தோள் மூட்டு பாத்தீரா, கையத் தூக்கியிருக்கான், ஒரு சுருக்கம் கெடயாது, எங்கப்பாவுக்கே மூணுல ஒண்ணுதான் இப்படி உக்காரும் என்றார். அண்ணாச்சி ஆமா என்றார், தைப்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சரி, மறுபக்கத்தப் போடுங்க என்றார் அப்பா.

போட்டோம். பயிற்சி நடக்கவில்லை. நியாயமாகச் சொன்னால் பாதிப் பாட்டுக்குப் பொருள் கிடையாது, ஒன்று பாத்திரம் துலக்குகிற சத்தம். ஆனால் இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டுக்கு மட்டும், எல்லோரும் போனபின் ஊசியை எடுத்து எடுத்து வைத்தேன், இது நாலாந்தடவை டீச்சர் என்று அப்பா எண்ணிச் சொன்னார். மின்சாரம் தொட்டால் தவளையின் கால் துள்ளுவதை வருஷாவருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். அந்தத் தவளையிடம் இன்று எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இதெல்லாம் ஆனபின், இப்போதாவது இரண்டு வரி என்று இந்தத் தாளை நீட்டினேன். பேனாவில் மை இல்லை என்றார். ஆகவே நீ பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே, பாட்டின் சூடு இறங்கியதும் நாளைக்குப் பழையபடி உம்மென்று இருப்பார் என்பதே என் கணிப்பு. உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோவும் இந்தக் கடிதமும் ரோச்சிடம் கொடுத்தனுப்புகிறேன், திங்கட்கிழமை அவர் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார். வெள்ளி ஜரிகை கண்ணைக் கூசவைக்கும், பகல் வெளிச்சத்திலேயே தை. மீன் கிடைக்கவில்லை என்று முட்டையோடு நாளை ஓட்டாதே. பின்கழுத்தில் குளிர் ஏறவிடாதே. ஆண்டவர் உன் கண்ணையும் பத்து விரலையும் ஊசிமுனைக்குத் தப்புவித்துக் காப்பாராக.

குதிகால் இன்னும் அடங்காத
உன் அம்மா,
ஞானபாக்கியம் எஸ்றா.

ஞாயிறு மாலை: கணிப்பு எழுதியவள் நடந்ததையும் எழுத வேண்டும். அப்பா காலையில் உம்மென்றுதான் இருந்தார். ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பிட உட்காராமல், வலிக்கிற முழங்காலோடு ஸ்டூலில் ஏறி, பரண்மேல் இருந்த அவர் அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினார். அதிலிருந்து, தையற்காரர் விரலில் மாட்டுகிற பித்தளை அங்குஸ்தானை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினார். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதை உள்ளே வைத்து, கருப்பட்டியோடு சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டுக் குடையைத் தேடப் போனார், ரோச் வீட்டுக்கு அவரே கொண்டுபோகிறாராம். கட்டுமுன் நான் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சுக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருந்தது, மை இல்லாத அந்தப் பேனாவால் எழுதியது: இடது அக்குளில் தையல் விட்டிருக்கிறது. படத்தில் தெரிகிறது. அடுத்த சட்டைக்கு இரட்டைத் தையல் போடு. அப்பா.