வாசல் சாவி

அன்புள்ள அப்பாவுக்கு, இசக்கியம்மாள் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் கல்லூரி நூலகத்தில் கவியா என்ற மாணவிக்கு வலிப்பு வந்துவிட்டது. பயப்படாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கையில் எதையும் திணிக்கக் கூடாது என்றுதான் முதலுதவிப் பயிற்சியில் சொன்னார்கள். சுற்றி நின்றவர்களோ, "இரும்பு குடுங்க மேடம், சீக்கிரம்!" என்று கத்தினார்கள். நான் ஒருக்களித்தும் படுக்க வைத்தேன், சாவிக்கொத்தையும் கொடுத்தேன். வலிப்பு நின்றது. எதனால் நின்றது, நான் செய்தது சரியா தப்பா, ஒன்றும் விளங்கவில்லை. கொத்தை விடாமலே ஆம்புலன்ஸில் போனாள்.

இன்று அதைத் திருப்பித் தந்தவள், "இந்தப் பெரிய சாவி எந்த ரூமோடது மேடம்?" என்றாள். நம் வீட்டு வாசல் சாவி, அப்பா. திருவண்ணாமலையில் அதை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்?

மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன். வாசல் பூட்டு இறுகுகிறது என்றீர்களே, எண்ணெய் மட்டும் விடுங்கள். மாற்றிவிடாதீர்கள்.

இசக்கி