முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை

அக்கா,

இன்று காலை உன் பேத்தி என் புதுச் சட்டையை நனைத்துவிட்டாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சிரிப்பு தாங்கவில்லை. நீ போய் மூன்று வருஷமாகியும் இதை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

காலனி ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது என்றிருந்த காலம். உப்பளத்தில் வெடித்த காலோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவோம். நீ கூனிமேட்டிலிருந்து ஒரு மூட்டை ரப்பர் செருப்பு வாங்கிவந்தாய். திங்கட்கிழமை எல்லோரும் போட்டுக்கொண்டே நடப்போம், யார் திட்டினாலும் திருப்பித் திட்டக் கூடாது என்றாய். நம்மில் ஒருவன் கை ஓங்கினாலும் கேஸ் நம் மேல் விழும், அதையே சாக்காக வைத்துத் தெருவை அடைத்துவிடுவார்கள் என்று வீடுவீடாகச் சொன்னாய்.

நான் தலையாட்டினேன். ஆனால் திங்கட்கிழமை என் மடியில் ஒரு கருங்கல் இருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டாய். உன் ஆறு மாத மகளை என்னிடம் நீட்டினாய்.

"டேய், இவளப் புடி. தெரு தாண்டுனதும் வாங்கிக்கிறேன்."

இரண்டு கையும் போய்விட்டது. முன்வரிசையில் உன் பக்கத்தில் நடந்தேன். ஒரு ஆள் முகத்துக்கு நேரே வந்து நம் அப்பாவை இழுத்துப் பேசினான். மடியிலிருந்த கல்லை எடுக்கக் கை காலியாக இல்லை. அந்த நேரம் பார்த்து உன் மகள் என் சட்டை, கைலி எல்லாம் நனைத்தாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய், பின்னால் வந்த பெண்களும் சிரித்தார்கள். திட்டியவனுக்கே சிரிப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவரும் செருப்பைக் கழற்றாமல் தெருவைத் தாண்டினோம். மறுநாளும் நடந்தோம், அதற்கடுத்த நாளும். வசவு மெல்ல ஓய்ந்தது.

இன்று உப்பளப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் நின்று பேசியவள் உன் மகள். இத்தனை வருஷம் இல்லாமலா இருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். நான் விருட்டென்று எழுந்தேன். அவள் பேச்சை நிறுத்தாமலே குழந்தையை என் கையில் வைத்தாள்.

"மாமா, இவளக் கொஞ்சம் புடிங்க."

நான் வெட்கப்பட்டு அந்தக் கதையை அவளிடம் சொன்னதே இல்லை. நீதான் சொல்லியிருக்கிறாய், கள்ளி. அரை மணி நேரம் அவள் குரலை உயர்த்தாமல் பேசினாள். நாளை இடம் அளக்க ஆள் வருகிறது.

என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அக்கா. உன் பேத்தி தோளில் தூங்கிவிட்டாள். இதை ஒற்றைக் கையால்தான் எழுதுகிறேன்.