அளவு நோட்டில் அம்மாவின் பக்கம்

அம்மா,
சாவியைத் தேடும்போது உன் தையல் அளவு நோட்டு கையில் சிக்கியது. வாடிக்கையாளர்களின் அளவுகளுக்கு நடுவே "நான்" என்று ஒரு பக்கம். மூன்று மாதமாக இடது மார்பின் அளவு கூடிக்கொண்டே வருகிறது, ஓரத்தில் "கட்டி. வலியில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

போன வாரம் "கொஞ்சம் தொட்டுப் பாருடி" என்றாய். நாவலிலிருந்து தலையைத் தூக்காமல் "அப்புறம்மா" என்றேன். "சரி விடு, மாதவிலக்கு நிக்கிற வயசு, இப்படித்தான் இருக்கும்" என்று போய்விட்டாய். அதை டாக்டர் சொல்லட்டும். இன்று நாலு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், பெண் டாக்டர்தான். மூன்றரைக்கு வருவேன். சாப்பிட்டுவிட்டுத் தயாராக இரு.

பி.கு.: இன்று மாலை, தைத்த உடுப்பை வாங்க வருவதாக இருந்த டீச்சரிடம் நாளைக்கு வரச் சொன்னேன். "உங்கம்மா சொன்ன நாள் தவறமாட்டாங்களே, உடம்புக்கு என்னம்மா?" என்று உடனே கேட்டார். அவர் கேட்டதை நான் போன வாரமே கேட்டிருக்கணும்மா.