கேரம் பலகையில் முகப்பவுடர்

அப்பா,

இன்று மதியம் கம்பெனி ஆய்வகத்தில் புதிய முகப்பவுடர் ஒன்றை உள்மணிக்கட்டில் தேய்த்தேன். சொரசொரத்தது. தேறாது என்று ஒதுக்கினேன். ஆனால் கையைக் கழுவத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒதியம்பட்டு வயல்களின் மேல் மழைக்கு முந்திய வெளிச்சம். பவுடர் பறந்த மங்கலில் உன் கேரம் பலகை தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சோதித்தது போக மிஞ்சிய பவுடரை வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ முகத்தில் பூச மாட்டாய். பலகையில் தூவி ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு சுண்டுவாய். தட்டைத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். உருண்டைத் துகள்கள் உருண்டு வழிவிடும். நான் கருவியில் அளந்ததை உன் காய்கள் ஓடிக் காட்டும்.

"ஓடுதும்மா. ஆனா நிக்க மாட்டேங்குது."

எதிரே ஆடும் பெயிண்டர் மாமா சிரிப்பார். "இன்னாபா, தோத்தாலும் வாசனையா தோக்குறோம்!"

பிறகு பக்கவாதம். உன் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது.

"ஆட வேணாம்மா. நீ தொட்டா தெரிஞ்சா போதும்" என்றாய்.

உணர்ச்சி திரும்ப, தினமும் கையில் எதையாவது தேய்த்துப் பழக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இருப்பதிலேயே மிருதுவான பவுடர்களைக் கொண்டுவந்து உன் விரல்களில் தடவினேன்.

"இன்னாடி, காத்தைத் தடவுறியா?" பாதி முகத்தால் சிரித்தாய்.

நல்ல பவுடர் அப்படித்தான். பூசியதே தெரியக் கூடாது. அந்த ஒன்றுமில்லாமையைச் செய்யத்தான் நான் படித்திருந்தேன்.

ஒரு மாலை, ஆய்வகத்தில் கழித்த பவுடர் ஒன்று கைக்கு வந்தது. துகள்களின் ஓரம் உடைந்து, முகத்துக்கு ஆகாதென்று ஒதுக்கியது. யோசிக்காமல் தடவினேன். நீ கண்ணை மூடியிருந்தாய். ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது.

"ஏய்... மண்ணு கொட்றியா?"

"எங்க தெரியுதுப்பா?"

"இங்கதான். உன் கைக்குக் கீழ."

அன்று விளக்குப் போடவும் எழுந்திருக்கவில்லை. வெளியே கரும்பு டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன. நான் கையை எடுக்கவில்லை. நீ எடுக்கச் சொல்லவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. நான் இன்னும் வழவழப்பான பவுடர்தான் செய்கிறேன். அன்று நீ மண்ணு என்ற அந்தத் தேறாத பவுடரில் மட்டும் கொஞ்சம், ஒரு சின்ன டப்பாவில் என் பையில் இருக்கிறது. சாயங்காலம் பாகூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பேன்.

உரசும்.

இங்கதான்.