நானே வைத்த புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவளுக்கு மேலதிகாரி நாய்தான். பதினேழாம் எண் வீட்டு நாய் இன்று கேட்டைத் தாண்டவில்லை, பிழைத்தேன்.

மதியம் ஒட்டகம் என் போனில் ஒரு செயலி ஏற்றிக் கொடுத்தார். என் பிரிவில் மீட்டர் பார்ப்பவர். நாளெல்லாம் வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடப்பார், அதனால் அந்தப் பெயர். போன் பையில் கிடந்தால் போதுமாம். நடக்க நடக்க, வழியிலுள்ள வைஃபை பெட்டிகளின் பெயரையும் இடத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். அனுப்பிவிட்டால், உலகமெங்கும் ஆட்கள் இப்படிச் சேர்த்துக் கட்டும் வரைபடத்தில் நம் தெருக்களும் புள்ளி புள்ளியாக ஏறிவிடும்; ஒரு பெட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் இடத்தைக் காட்டுமாம்.

"யாரோட நெட்டுக்குள்ளயும் நுழையறதில்லங்க. வாசல்ல தொங்கற பேர்ப்பலகைய எழுதிக்கிற மாதிரிதான். எப்படியும் நடக்கத்தானே போறோம்?" என்றார்.

முதல் நாளே அறுநூற்று நாற்பது.

மார்ச் 6, வெள்ளி

பெட்டிகளுக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்களை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'கேட்டாலும் தரமாட்டேன்'. 'மாடி வீட்டு அழுமூஞ்சி'. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கே வந்து ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு.

அவள் புருஷன் கேமரா மாட்டும் வேலை செய்பவர். சொந்த வீட்டில் நான்கு, அதில் ஒன்று சமையலறையில். எங்கே இருந்தாலும் போனில் பார்ப்பார். "ஏன் ரெண்டு தடவ ஜன்னல்கிட்ட போன?" என்று கேட்டுவிட்டு அடிப்பாராம். கிளம்பிய அன்று அக்கா செய்த முதல் காரியம் வைஃபை பெட்டியைப் பிடுங்கியது. கேமராக்கள் குருடாகின. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுத் திரும்பச் சொருகச் சொல்வாரோ என்று பயந்து, அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நான் இந்த ஊருக்கு மாறி வந்தது அந்த ஆளுக்குத் தெரியாது, அதனால் என்னிடம் வந்தாள். என் கெட்டிக்கார அக்கா.

மார்ச் 11, புதன்

நாலாயிரம் தாண்டியது. இந்த வாரம் ஒட்டகத்தை முந்திவிட்டேன். மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 14, சனி

வரைபடத்தில் எங்கள் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சும்மா, ஆசைக்கு. எங்கள் கட்டடத்துக்கு முன்னால், தெருவில் ஒரு புள்ளி. தொட்டேன்.

சிங்கக்குகை.

அது அந்த ஆள் வைத்த பெயர். அந்தப் பெட்டிக்கு.

என் பெட்டி அடிக்கடி உயிரை விடுகிறதென்று, போன மாதம் அக்கா கொண்டு வந்ததை எடுத்துச் சொருகியவள் நான். பெயரை மாற்றத் தெரியாதவள் நான். பையில் போனைப் போட்டுக்கொண்டு தினமும் இந்த வாசலில் இருந்து கிளம்பியவள் நான். அவள் இருக்குமிடத்தை உலகத்துக்கு எழுதிக் கொடுத்தவள் - வேறு யார்?

பெட்டியைப் பிடுங்கிவிட்டேன். "நெட் என்னாச்சுடி?" என்று அக்கா கேட்டாள். கெட்டுப்போச்சு என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஒட்டகத்துக்குப் போன் செய்து அக்கா கதையைச் சொன்னேன். பேர் மட்டுமா பிரச்சினை, மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் இருக்குங்க. பேர மாத்தினாலும் நம்பர் மாறாது. அத வச்சும் தேடலாம்... அவருக்கு அந்த நம்பர் தெரியுமா?"

பெட்டி வந்த அட்டையைக்கூட அடுக்கி வைக்கிற ஆள். தெரியாமலா இருக்கும்?

வரைபடக்காரர்களுக்கு, அந்தப் புள்ளியை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். தப்பும் தவறுமாக எழுதினேன். ஒரு பெண்ணின் உயிர் என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. மாடிப்படியில் யார் ஏறினாலும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

புள்ளியை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. மரியாதையான பதில். ஆனால் அதற்கு முன்னால் யார் பார்த்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியாதாம்.

ஒட்டகம் ஒரு யோசனை சொன்னார். "இனிமே அனுப்பாதீங்க. ஆனா ஓட விடுங்க. அவர் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டிருந்தா அதுவும் ஒரு வைஃபைதானே, பக்கத்துல வந்தா காட்டிக்கொடுத்துடும்." உண்மைதான். கேமரா சோதிக்க அந்த ஆள் அதை அணைப்பதே இல்லை. அதற்குப் பெயர் சிங்கக்குகை-2. அந்தப் பெயர் வந்தால் போன் அதிரும்படி ஒட்டகமே வைத்துக் கொடுத்தார்.

இப்போது மீட்டரைவிட அந்தப் பட்டியலைத்தான் அதிகம் பார்க்கிறேன். மூன்று வீட்டு ரீடிங்கைத் தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

வந்துவிட்டார்.

காலை பதினொன்றே கால். எங்கள் தெரு முனையில் குனிந்து மீட்டர் மூடியைத் திறக்கிறேன், போன் அதிர்ந்தது. சிங்கக்குகை-2. முழு பலத்தில்.

அக்காவை அழைத்தேன். "உள்ள போயிடு. ஜன்னல் பக்கம் வராத. அவர் தெருவுல இருக்கார்."

"எப்படிடி?" என்றாள். அது ஒன்றைத்தான் கேட்டாள். நான் துண்டித்துவிட்டுப் போலீஸ் உதவி எண்ணுக்குப் பேசினேன். முகவரியைச் சொல்லும்போது என் வீட்டு எண்ணே மறந்துவிட்டது.

நிமிரக்கூட இல்லை, எதிரே செருப்புக்கால். என் தலையில் தொப்பி, வாயைச் சுற்றித் தூசிக்குக் கட்டிய துணி, முட்டி மண்ணில். எதிரே நிற்பது இரண்டு வருடம் நான் அத்தான் என்று கூப்பிட்ட ஆள்.

"மேடம், இந்தத் தெருவுல புதுசா யாராவது குடி வந்திருக்காங்களா? நெட் கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. வீடு தெரியல."

என் குரல் அவருக்குத் தெரியும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். மீட்டரின் முள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தார். வீடு வீடாக மணியடித்தார். புள்ளி தெருவைக் காட்டியிருக்கிறது, கதவைக் காட்டவில்லை.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டம்மா கதவைப் பாதி திறந்தார். நாங்கள் அவரிடம் எதுவும் சொன்னதே இல்லை. ஆனாலும் அவர் சொன்னது தெரு முனைவரை கேட்டது. "மாடி பூட்டிக் கெடக்கு. நீங்க எந்த ஆபீஸ்? கார்டு எங்க? கார்டு இல்லாம என்னய்யா கம்ப்ளெயின்ட்டு?"

அந்த வாக்குவாதம் முடிவதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது. ஏறும்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. புன்னகைத்தார்.

மார்ச் 25, புதன்

எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலமே விட்டுவிட்டார்களாம். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். கையெழுத்தா அவரைத் தடுக்கும்?

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதது நான்தான். அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பத்து நாளா உனக்குத் தெரியுமா?" என்றாள்.

புள்ளி வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பத்து நாளைத்தான் கேட்டாள்.

மார்ச் 28, சனி

பெண்கள் காப்பகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து அக்காவோடு தனியாகப் பேசினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா போய்விட்டாள். ஒரே ஒரு பை. வேறு ஊரில் வேலையும் தங்க இடமும் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"எந்த ஊருக்கா?"

"சொல்லமாட்டேன்டி." என் கன்னத்தைத் தொட்டாள். "கோவமில்ல. உனக்குத் தெரியலன்னா உன்கிட்ட யாரும் அடிச்சு வாங்க முடியாதுல்ல?"

கோபமில்லை என்றாள். நம்பலாமா? நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்ய?

ஏப்ரல் 9, வியாழன்

இன்றும் அழைப்பில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் எண் காட்டாத ஓர் அழைப்பு. எடுக்கவே பயம். எடுத்தேன். அக்கா.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன். நீ தூங்கறியா, ஒழுங்கா?"

"நேத்து மத்தியானம் பாய்ல சும்மா சாஞ்சேன், அப்படியே தூங்கிப் போயிட்டேன். எழுந்து பாத்தா கதவு ஆன்னு திறந்து கெடக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு யாரோ கூப்பிட, "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் பேசும்போது பின்னால் தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. இங்கே மண்டையைப் பிளக்கும் வெயில். இன்று எந்தெந்த ஊரில் மழை என்று பார்க்கக் கை போனது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.